துப்பாக்கி சுடும் பயிற்சி: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வார இறுதிக் காலைகளில் எங்கள் கிளப்பில் புதியவர்களுக்கு ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கி பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவும், மெரினா மணலில் பலூன் சுட்ட அனுபவமும்தான். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சில எண்ணங்களை முதல் நாளே கழற்றிவிட வேண்டும், சில எண்ணங்கள் உயிரைக் குடிக்கக்கூடியவை. அதனால் ஆபத்தான கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலிதானே?

இல்லை. மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் டப்பா, அவ்வளவுதான். சுடும்போது வெடிப்பது, அதிலிருந்து ஏற்கெனவே மேலே ஏறிக் குழலின் பின்பக்கம் சேம்பரில் உட்கார்ந்திருக்கும் தோட்டா. மேகசினை உருவி மேசையில் வைத்த பிறகும் அந்த ஒன்று உள்ளேயேதான் இருக்கும். விசையை அழுத்தினால் பெரும்பாலான துப்பாக்கிகள் சுட்டுவிடும்.

காலி செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேகசினை எடுக்க வேண்டும். அப்புறம் போல்ட்டையோ ஸ்லைடையோ பின்னுக்கு இழுத்துச் சேம்பரைத் திறக்க வேண்டும். அப்புறம் உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும், இருட்டாக இருந்தால் விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி, மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால், பழைய தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து புதியது ஒன்று ஏறி உட்காரும். விழுந்த தோட்டாவைப் பார்த்து 'காலியாகிவிட்டது' என்று மனம் நம்பிவிடுவதுதான் இதில் உள்ள கொடுமை.

போட்டிக்கான ஏர் ரைபிள்களில் பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டை ஒவ்வொன்றாகக் கையால் வைப்போம். வைத்துவிட்டால் மூடியைத் திறந்து குலுக்கினாலும் அது வராது, ரேஞ்ச் (சுடும் களம்) அதிகாரியின் அனுமதியோடு இலக்கை நோக்கிச் சுட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். அதனால்தான் சுடாத நேரத்தில் ஒவ்வொரு குழலிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கம்பி ஒன்று சொருகியிருக்கும். அதற்குப் பெயர் சேஃப்டி ஃப்ளாக். ஒரு முனை பின்பக்கத்திலும் மறுமுனை குழல் வாயிலும் எட்டிப் பார்த்தால், நடுவில் எதுவும் இல்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். சர்வதேசப் போட்டி விதிகளிலேயே இந்த ஃப்ளாக் கட்டாயம்.

நான் பயிற்சிக்கு வந்த மூன்றாவது மாதம். 'ஸ்டாப்' என்று குரல் வந்தது. பின்னாலிருந்து ஒரு நண்பர் ஏதோ கேட்டார். பதில் சொல்லத் திரும்பினேன், கையில் இருந்த பிஸ்டலும் என்னோடு திரும்பியது. பாதி திரும்புவதற்குள் பயிற்சியாளர் என் மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்து இலக்குப் பக்கம் தள்ளினார். அவர் சத்தம் போடவில்லை. "உள்ளே என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "காலி சார்" என்றேன். இலக்கை நோக்கி அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பெல்லட் போய் அட்டையில் ஓட்டை போட்டது. அடுத்த இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதைப் பார்த்தேன். அந்தச் சின்ன 'டப்' சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்லும் நான்கு விதிகள் இதிலிருந்து வருபவைதான். எல்லாத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டது என்றே நினை. அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விரலை விசைக்கு வெளியே வை. இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. நாலில் ஒன்றை மீறினாலும் மற்ற மூன்றும் காப்பாற்றிவிடும் விதத்தில் இவை அமைந்திருக்கின்றன. நான் உள்ளே பெல்லட் இருப்பதை மறந்தேன், குழலையும் திருப்பினேன், ஆனால் விரல் வெளியே இருந்தது.

சேஃப்டி லாக் போட்டிருந்தால் போதாதா?

போதாது. அது விசையைப் பூட்டும் ஓர் இயந்திர உறுப்பு. தேயும், உடையும், பாதி நகர்ந்து நிற்கும். லாக்கைப் போடுங்கள், ஆனால் போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள்.

ஏர் கன் பொம்மை மாதிரிதானே? பையனுக்குப் பிறந்தநாளைக்கு வாங்கித் தரலாமா?

பொம்மை இல்லை. பத்து மீட்டர் போட்டியில் சுடும் பெல்லட் அரை கிராம் ஈயம். வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கடையில் விற்கும் சில ஏர் ரைபிள்கள் இதைவிடப் பல மடங்கு வலுவானவை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதிச் செய்திதான் ஊரில் உலவுகிறது. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டாத ரகம் என்றால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. தோப்பில் புறாவையும் கொக்கையும் குறிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பறவையை ஏர் கன்னால் அடித்தாலும் அது வேட்டைதான், குற்றம்தான். அருணாச்சலப் பிரதேசத்தில் காட்டுப் பறவைகள் ஏர் கன்னால் அழிவதைப் பார்த்து, 2021இல் அவற்றை ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். மக்கள் தாங்களாக முன்வந்து கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

பையனுக்கு ஆர்வம் இருந்தால் துப்பாக்கி வாங்குவதற்கு முன் கிளப்புக்குக் கூட்டி வாருங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. அங்கேயே சுட்டுப் பழகலாம்.

மெரினாவில் ஒரு பலூன்கூட உடையவில்லை. எனக்குக் குறி வராது, இல்லையா?

அந்தத் துப்பாக்கியின் குறிமுள் வருஷக்கணக்கில் உப்புக்காற்றிலும் ஆயிரம் கைகளிலும் அடிபட்டது. நேராகப் பார்த்தால் எங்கோ போகும். அதை வைத்து உங்களை அளக்காதீர்கள். எல்லாப் பலூனையும் உடைத்தவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கை நடுங்குகிறவர்கள் சுட முடியுமா? கல் மாதிரி நிற்க வேண்டாமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

யாருடைய கையும் கல் மாதிரி நிற்பதில்லை. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர் கையும் ஆடும். இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, தசை சோர்கிறது. பயிற்சியால் அந்த ஆட்டத்தின் வட்டம் சுருங்கும், மறையாது. புதியவர் செய்யும் தப்பு என்னவென்றால், குறி சரியாக இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின் கீழே வந்து நிற்கும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்கப் பார்த்து 'இப்போ!' என்று விசையை வெடுக்கென்று இழுப்பது. இழுத்த வேகத்தில் குழலின் மூக்கு கீழே குத்தும். ஆட்டத்தால் போகும் புள்ளியைவிட இந்த வெடுக்கால் போகும் புள்ளி பல மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏர் பிஸ்டலில் குழல் முனையில் உள்ள முன்குறிக்கும், கைப்பக்கம் உள்ள பின்குறிக்கும் இடையே சுமார் 35 சென்டிமீட்டர் இடைவெளி. இலக்கு 10 மீட்டர் தூரத்தில். இலக்கின் ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக விலகினால் போதும், ஒரு வளையம் போய்விடும். கை முழுதாக ஆடும்போது இரண்டு குறிகளும் சேர்ந்தே ஆடுவதால் இழப்பு குறைவு. விசையை வெடுக்கென்று இழுக்கும்போது மணிக்கட்டு மடங்கி இந்தச் சீர்தான் குலைகிறது.

அதனால் குறி ஆடட்டும் என்று விட்டுவிட்டு, விரலை மட்டும் மெதுவாக, ஒரே சீராக அழுத்தப் பழக்குகிறோம். வெடிக்கும் கணம் உங்களுக்கே லேசான ஆச்சரியமாக இருக்க வேண்டும். இதற்கு ஓர் ஒரு ரூபாய் நாணயம் போதும். காலி ஏர் ரைபிளின் குழல் மேல் முன்பக்கமாக நாணயத்தை வைப்போம். விசையை அழுத்தி முடித்த பிறகும் அது விழாமல் இருக்க வேண்டும். முதல் நாளில் பத்துக்கு எட்டு முறை விழும், டைல்ஸ் தரையில் உருண்டோடும், குனிந்து தேடுவோம். ஒரு மாதத்தில் விழாது.

நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு வென்ற இரண்டு பதக்கங்களும் அப்படித்தான் பறிபோயின. மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கு எழுதித் தந்திருந்தால் அதைப் பயிற்சிக்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு சுட வேண்டுமா?

நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் உடம்பு விறைக்கும், துடிப்பு எகிறும். இயல்பாக மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் தானாக வரும் இடைவெளியில் சுடுகிறோம். ஏழெட்டு வினாடிக்குள் சுட முடியாவிட்டால் இறக்கி வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் கண் மங்கத் தொடங்கும். போட்டியில் 60 ரவுண்டு சுட 75 நிமிடம் தருகிறார்கள், நேரம் நிறையவே இருக்கிறது. தூக்கிய துப்பாக்கியைச் சுடாமல் இறக்கத் தெரிந்தவரைப் பார்த்தால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். தவிர, ஒரு கண்ணை மூடவே வரவில்லை.

இரண்டுமே தடை இல்லை. கண்ணாடி போட்ட சாம்பியன்கள் ஏராளம்.

ஒரு கண்ணை இறுக்கி மூடினால் முகத்தின் தசை மொத்தமும் இறுகும், திறந்திருக்கும் கண்ணும் சீக்கிரம் களைக்கும். அதனால் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்து, குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேற்படாத ஒரு சின்ன மறைப்பு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மறைப்புகூட இல்லாமல் நின்று, ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகெச்சின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் இரண்டு கண்ணும் திறந்தே சுடுபவர். பாக்கெட்டில் கை விடுவதும் ஸ்டைலுக்காக இல்லை, ஏர் பிஸ்டலை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. சும்மா இருக்கும் கை ஆடாமலிருக்க எல்லோருமே அதைப் பாக்கெட்டிலோ இடுப்புப் பட்டையிலோ சொருகிவிடுவோம்.

எந்தக் கண் உங்கள் முதன்மைக் கண் என்று முதலில் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக இரண்டு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடியதும் கடிகாரம் மறைகிறதோ, அதுதான். வலக்கைக்காரர்களிலும் இடக்கண் முதன்மையாக உள்ளவர்கள் உண்டு. தெரியாமல் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

இன்னொன்று. பார்வை இலக்கின் மேல் இருக்கக் கூடாது. கண்ணால் ஒரே நேரத்தில் கிட்டவும் தூரமும் தெளிவாகப் பார்க்க முடியாது. பிஸ்டலில் முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலான கறுப்புப் பந்தாக இருந்தால் போதும். இதை நம்ப வைப்பதற்குத்தான் அதிக நாள் ஆகிறது.

இது பலசாலி ஆண்களுக்கான விளையாட்டு இல்லையா? வயது தாண்டிவிட்டதோ?

2024 பாரிஸில் ஏர் பிஸ்டல் தனிநபரிலும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியிலும் வெண்கலம் வென்றவர் மனு பாக்கர். அதற்கு முந்தைய டோக்கியோவில் போட்டி நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, இறுதிச் சுற்றுக்கே போக முடியாமல் கண்கலங்கி வெளியேறியவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் ஏந்தியவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவனி லெகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் பாட்டி அறுபது வயதைத் தாண்டித்தான் துப்பாக்கியையே தொட்டார். ஹங்கேரியின் கரோலி தகாச் என்ற ராணுவ வீரருக்கு 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை போனது. இடக்கையால் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். இவ்வளவு சொல்லிய பிறகும் வயதைக் காரணம் காட்டுகிறவர்களிடம் நாணயத்தைக் கொடுத்துவிடுவேன்.

ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு சுட வேண்டும்?

பெல்லட் இல்லாமல் எத்தனை முறை என்று கேளுங்கள். பயிற்சியில் பெரும்பகுதி டிரை ஃபயரிங்தான்: நிற்பது, தூக்குவது, குறி பார்ப்பது, அழுத்துவது, அழுத்திய பிறகும் ஒன்றிரண்டு வினாடி அப்படியே நிற்பது. செலவில்லை, சத்தமில்லை, தப்பும் பளிச்சென்று தெரியும். ஓர் எச்சரிக்கை: ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் சுடக் கூடாது, உள்ளே பிஸ்டன் முட்டிக் கெட்டுவிடும். போட்டி ரைபிள்களில் இதற்கென்றே தனி வசதி உண்டு.

பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். பெல்லட் ஈயம். கையில் சாம்பல் நிறமாக ஒட்டியிருப்பது அதுதான்.

விலை உயர்ந்த துப்பாக்கி இல்லாமல் முன்னுக்கு வர முடியாதாமே?

மேல்மட்டப் போட்டிக்கு வெளிநாட்டு ரைபிள், தடித்த ஜாக்கெட், காலணி எல்லாம் வேண்டும், லட்சங்களில் ஆகும். இதை மறைத்துப் பேச நான் தயாரில்லை. நல்ல கைகள் பணமில்லாமல் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் முதல் ஆண்டுக்குக் கிளப் துப்பாக்கி தாராளமாகப் போதும். கல்லூரி மாணவர்கள் என்சிசியில் சேர்ந்தால் நிஜத் தோட்டா போடும் .22 ரைபிளில் சுடும் வாய்ப்பும் கிடைக்கும்.

சினிமாவில் குண்டு பட்டவர் பறந்து போய் விழுகிறாரே?

ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். 70 கிலோ மனிதர் மேல் அது முழுசாகத் தங்கினாலும் அவரை வினாடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில்தான் தள்ளும். ஒரு மனிதரைத் தூக்கி வீசும் விசை இருந்தால் சுட்டவரும் பின்னால் பறந்திருப்பார். குண்டு கொல்வது உள்ளே திசுவைக் கிழித்து, இரத்தத்தைக் கொட்டவைத்து. சத்தமில்லாமல், அசிங்கமாக.

காரின் கதவுக்குப் பின்னால் ஒளிவதும் இப்படித்தான். அது மெல்லிய தகடு, துளைத்துக்கொண்டு போகும். சைலன்சர் போட்டால் 'ப்ஸ்ஸ்' என்று கேட்பதும் பொய். வெடிச் சத்தம் குறையும், ஆனால் பக்கத்து அறைக்கு நன்றாகவே கேட்கும். இந்தச் சத்தத்தைக் குறைத்து மதிப்பதால்தான் காதடைப்பான் போடாமல் .22 ரேஞ்சில் நிற்கிறார்கள். போன காது திரும்பாது.

திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுட்டால் யாருக்கு என்ன?

மேலே போனது கீழே வரும். நேர் மேலே போன குண்டுகூட மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கலாம், மண்டையோட்டுக்கு அது போதும். சாய்வாகப் போனது இன்னும் வேகமாக, எங்கோ ஒரு வீட்டு மாடியில் இறங்கும். சின்ன .22 தோட்டாவே ஒன்றரை மைல் வரை போகும் என்று அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். வட மாநிலக் கல்யாணங்களில் இப்படிச் சுட்டு உயிர்கள் போன பிறகு, 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் இதற்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது.

பயிற்சி முடித்தால் கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்துவிடுமா?

கிடைத்துவிடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் தருவது அரசின் முடிவு. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும். வீட்டுப் பாதுகாப்புக்காகத்தான் கற்றுக்கொள்ள வந்தேன் என்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்: பத்து மீட்டரில், நல்ல வெளிச்சத்தில், அசையாத அட்டையைச் சுடுவதுதான் நாங்கள் கற்றுத்தருவது. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது என்ன செய்வது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் பெண்ணைச் சேர்த்தால் அவளுக்கு முரட்டுத்தனம் வந்துவிடுமோ?

போன வருஷம் ஓர் அம்மா இதைக் கேட்டுவிட்டு, சேர்க்காமல் பின் பெஞ்சில் மகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அன்று அங்கே நடந்தது: எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். 'லோட்' என்ற சொல் வரும் வரை யாரும் பெல்லட் டப்பாவைத் தொடவில்லை. 'ஸ்டார்ட்' என்றதும் ஆளுக்கு ஒரு வேகத்தில் தூக்கினார்கள், பாதிப் பேர் சுடாமலே இறக்கினார்கள். நடுவில் ஒரு பையனின் மூக்குக் கண்ணாடி நழுவியது. அவன் ரைபிளை மேசையில் குழல் இலக்கைப் பார்க்க வைத்துவிட்டு, கையைத் துடைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி நின்றான். 'ஸ்டாப்' வந்தது. எட்டு ஆரஞ்சுக் கம்பிகள் எட்டுக் குழல்களில் நுழைந்தன. அப்புறம்தான் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிச் சிரித்துப் பேசத் தொடங்கினார்கள்.

அந்த அம்மா எழுந்து வந்து, சேர்க்கை விண்ணப்பம் இரண்டு கேட்டார்.